ஆற்றங்கரையில் படித்த பொறியாளர்

ராயப்பேட்டையில் ஒரு பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஆண்டுகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை இரண்டு ஆற்றுப் பயணங்களுக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். முதலாவது, நடந்தே சென்று திரும்பக் கூடியது. மணிக்கூண்டருகே கூடி, அண்ணா சாலையைக் கடந்து, சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தின் மீதுள்ள பாலம் வரை செல்வோம். இரண்டாவது, இரவு ரயிலில் திருச்சிக்கு. மறுநாள் முக்கொம்பும் கல்லணையும். இரண்டு இடங்களிலும் மாணவர்களுக்கு ஒரே மனிதரின் வாழ்க்கையைத்தான் சொல்லி வந்தேன். அவர் ஆர்தர் காட்டன். ஆற்றங்கரைப் பயணங்களைப் பள்ளிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவரும் இந்நாளில், அந்த வாழ்க்கையை மீண்டும் ஒருமுறை சொல்லத் தோன்றுகிறது.

1803-ஆம் ஆண்டு மே 15 அன்று இங்கிலாந்தில், பதினொரு ஆண்மக்கள் கொண்ட குடும்பத்தில் பத்தாமவராகப் பிறந்தவர் காட்டன். பதினைந்து வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம்ப் படைப் பள்ளியில் சேர்ந்தார். 1821-இல் சென்னையில் வந்திறங்கியபோது அவருக்குப் பதினெட்டு வயது. தங்களைவிட நான்கைந்து வயதே மூத்த ஓர் இளைஞன் என்று கேட்டதும் என் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். படைப் பள்ளியில் அவர் கற்றது கணக்கும் கோட்டை கட்டும் கலையும். பாசனத்தைச் சொல்லிக்கொடுக்க அங்கே ஆளில்லை. மழையை நம்பியே விளைந்த அந்நாட்டுக்கு அது பெரிதாகத் தேவைப்படவும் இல்லை. ஆகவே, ஆற்றைப் பற்றி அவர் அறிந்தவையெல்லாம் இங்கு வந்து கற்றவையே.

ஏரிப் பராமரிப்புத் துறையில் பணியமர்த்தப்பட்டு, தென் மாவட்டங்களைச் சுற்றினார். பாம்பன் கால்வாயை அளந்தார். இடையில் பர்மா போருக்கும் சென்று வந்தார். 1820-களின் இறுதியில் காவிரிப் பாசனத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் வாழ்வின் திருப்பம் அதுதான்.

அன்று தஞ்சைக்கு நேர்ந்திருந்த இக்கட்டைப் புரிந்துகொள்ள முக்கொம்பில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். பாடநூலில் பத்துப் பக்கம் படித்தாலும் அது பிடிபடாது. அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கொள்ளிடம் தாழ்வானது, சரிவு மிக்கது, கடலுக்கு நேராக ஓடுவது. தெற்கே செல்லும் காவிரியோ சரிவு குறைந்தது. தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால் எந்தச் சிறுவனும் சரியாகச் சொல்லிவிடுவான். கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் மட்டக் குழாயை மாணவர்களிடம் கொடுத்துக் கரைச்சரிவை அளக்கச் சொல்வேன். ஒரு முழ நீளத்தில் தெரியாத வேறுபாடு, நூறு அடி தள்ளி அளக்கும்போது விரற்கடை விரற்கடையாக வெளிப்படும். அந்த விரற்கடைகள்தாம் ஒரு நாட்டின் சோற்றை முடிவு செய்தன. கொள்ளிடம் ஆண்டுதோறும் கூடுதல் நீரை இழுத்துக்கொள்ள, காவிரி மணல் மேடிட்டு ஒடுங்கிக்கொண்டே வந்தது. மணலை வாரிக் கரையை உயர்த்திப் பார்த்தார்கள்; அதற்குப் பயன் நீடிக்கவில்லை.

கொள்ளிடத்தின் தலைப்பில் குறுக்கணை ஒன்று கட்டிவிட்டால் நீர் காவிரிக்குத் திரும்பும் என்பது எளிய யோசனை. ஆனால், பாறை எட்டாத ஆழ்மணலில் எதன்மேல் கட்டுவது? அதற்கான விடை சில காதத் தொலைவில் ஏற்கெனவே கிடந்தது. கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை, ஆற்று மணலின் மேல்தான் பல நூற்றாண்டுகளாக நின்றிருந்தது. பெருங்கற்களை மணலில் இட்டால், நீர் அடியிலுள்ள மணலை அரிக்க அரிக்க அவை கீழிறங்கும். மேலும் கற்களை இட்டுக்கொண்டே போனால் ஓர் ஆழத்தில் இறக்கம் நின்றுவிடும். ஆற்றின் அரிப்பையே அடித்தளம் போடும் வேலையாளாக மாற்றிய தந்திரம் அது. மணலில் அடித்தளமிடும் வித்தையைத் தமிழ்நாட்டின் பழங்கட்டுமானத்திடமிருந்தே கற்றதாகக் காட்டன் பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆளவந்தவர்களிடம் அரிதாகக் காணப்படும் நேர்மை இது. அந்த வித்தையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஊர் ஆட்களின் பெயர்கள் மட்டும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை என்பதையும் மாணவர்களிடம் சொல்லத் தவறியதில்லை.

1836-இல் முக்கொம்பில் மேலணையும், நூறு கிலோமீட்டருக்கும் மேல் கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. தஞ்சை தழைத்தது. ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. மேலணை தன் வேலையை அளவுக்கு மீறியே செய்தது. காவிரிக்குள் பாய்ந்த நீர் அதன் படுகையை அரிக்கத் தொடங்கியதால், காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்ட நேர்ந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தபோது, என் பழைய மாணவர்கள் சிலர் தொலைபேசியில் அழைத்தார்கள். தாங்கள் நின்று அளந்த இடத்தைச் செய்தியில் கண்ட பதற்றம் அவர்கள் குரலில் இருந்தது.

சிந்தாதிரிப்பேட்டைக்கும் காட்டனுக்கும் உள்ள தொடர்பு பலர் அறியாதது. செங்குன்றத்திலிருந்து சாலைக்கான கற்களைக் கொண்டுவர, 1830-களில் அவர் முன்முயற்சியில் அமைந்த இருப்புப் பாதை அங்கேதான் வந்து முடிந்தது. இந்தியாவின் முதல் இருப்புப் பாதை என்று அதைக் குறிப்பிடுவோர் உண்டு. ரயிலுக்குச் செலவிடும் பணத்தைக் கால்வாய்களுக்குச் செலவிடுங்கள் என்று பின்னாளில் ஓயாது வாதிட்டவரும் அவரேதான்!

அந்தப் பாலத்தின் அருகில்தான் எங்கள் எலுமிச்சைச் சோதனை நடக்கும். கரையில் பத்து மீட்டரைக் கயிற்றால் அளந்து குறித்து, எலுமிச்சையை நீரில் எறிந்து, அது கடக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்ப்பது. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் செய்ய வேண்டும். ஓர் ஆண்டு எலுமிச்சை கடல்பக்கம் போகாமல் மேற்கு நோக்கி நகர்ந்தது. மாணவர்கள் சிரித்தார்கள். ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. கடல் உள்ளே வருகிறதோ என்று கேட்டாள். அன்று ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. முகத்துவாரம் மணலால் அடைபடாமல் திறந்திருந்ததால் நேப்பியர் பாலத்தைத் தாண்டி அது அவ்வளவு தூரம் வந்திருந்தது. ஓதம், முகத்துவாரம், மணல்திட்டு என்ற மூன்று பாடங்களை அந்த ஓர் எலுமிச்சை நடத்தி முடித்தது.

காட்டனின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடல்நலம் குன்றி டாஸ்மேனியா சென்றார். 1841-இல் மணம் முடித்துத் திரும்பினார். 1847-இல் கோதாவரியின் குறுக்கே தவளேஸ்வரத்தில் அணை கட்டத் தொடங்கி, 1852-இல் முடித்தார். கல்லணையில் கற்ற பாடத்தைத் தீவுகளுக்கிடையே நான்கு துண்டுகளாக அங்கே எழுதினார் எனலாம். வெள்ளமும் பஞ்சமும் மாறி மாறி வாட்டிய அப்பகுதியில் இன்றும் ஊர்தோறும் அவருக்குச் சிலை உண்டு. 1861-இல் சர் பட்டம் பெற்றார். 1878-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் தம் கால்வாய்த் திட்டங்களுக்காக வாதாடினார். முதுமையில் டார்க்கிங் ஊரில் நிலத்தை ஆழ உழுது கோதுமை விளைவித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், 1899 ஜூலை 24 அன்று மறைந்தார்.

அவரை வழிபடுவது என் நோக்கமன்று. கம்பெனியின் வரி வருவாய் பெருகியதும் அவர் அணைகளால்தான். கடலில் சேரும் நீரை வீணாகும் நீராகக் கருதிய தலைமுறையின் முன்னணியில் நின்றவர் அவர். அந்தக் கருத்தை நான் ஏற்பதில்லை. கடலோடு உறவற்றுப் போன ஆறு எப்படியிருக்கும் என்பதற்குக் கோடைக்காலக் கூவத்தைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இதை மாணவர்களே கண்டுபிடித்து அவரோடு வாதிட்ட ஆண்டுகள் உண்டு. ஆற்றைப் பார்த்தவர்களால்தான் அப்படி வாதிட முடியும்.

பயணங்கள் ஏன் நின்றன? நீரில் பிள்ளைகளுக்கு ஏதேனும் ஆகிவிடுமோ என்ற அச்சமே முதற்காரணம். அது நியாயமான அச்சம். மாணவர்கள் ஆற்றில் மூழ்கிய செய்திகள் ஆண்டு தவறாமல் வருகின்றன. ஆனால், அதே பள்ளிகள் பொழுதுபோக்குப் பூங்காக்களின் நீச்சல் குளங்களுக்குப் பேருந்து நிறையப் பிள்ளைகளை அனுப்பத் தயங்குவதில்லை. என் பயணங்களில் நீரில் இறங்க எவருக்கும் அனுமதி இல்லை. பத்து மாணவருக்கு ஒரு பெரியவர், கயிறு, நீந்தத் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர், மேலே அணையில் நீர் திறப்பு உண்டா என்ற முன்விசாரிப்பு ஆகியவை போதுமாக இருந்தன. கல்வித் துறை இவற்றை ஒரு பக்க விதியாக எழுதி, ஒன்பதாம் வகுப்புக்கு ஆண்டுக்கு ஒரு நாளை ஆற்றுக்கென்று ஒதுக்கினால், பொறுப்பேற்க ஆசிரியர்கள் முன்வருவார்கள்.

திருச்சி வரை போக இயலாத பள்ளிகள் வகுப்பறைக் குழாயிலிருந்தே தொடங்கலாம். 2004 முதல் வீராணம் ஏரியின் நீர் குழாய் வழியாகச் சென்னைக்கு வருகிறது. வீராணத்துக்கு நீர் வருவது வடவாற்றில். வடவாறு பிரிவது, காட்டன் 1836-இல் கட்டிய கீழணையில்.