கண்டங்களை இணைத்த கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ்

அமெரிக்க நாட்டின் மிசௌரி மாநிலத்தில், ஜாப்லின் என்னும் ஊரில், 1901ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் பிறந்தவர் லாங்ஸ்டன் ஹியூஸ். நிறவேற்றுமையைப் பொறாத தந்தை மெக்சிகோ நாட்டிற்குப் போய்விட்டார். பாட்டி மேரி லாங்ஸ்டனே சிறுவனை வளர்த்தார். அம்மூதாட்டியின் முதற்கணவர், அடிமைமுறையை ஒழிக்க ஜான் பிரவுன் 1859இல் நடத்திய ஆயுதக் கிளர்ச்சியில் உயிர் துறந்தவர். அவ்வீட்டில் விடுதலை என்பது குடும்ப வரலாறாகவே இருந்தது.

1921இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஹியூஸ் ஓராண்டில் வெளியேறினார். கப்பற்கூலியாக ஆப்பிரிக்கக் கரையைக் கண்டார். பாரிஸில் கேளிக்கை விடுதியொன்றின் சமையலறையில் வேலை பார்த்தார். வாஷிங்டன் ஓட்டலில் எச்சிற்பாத்திரம் எடுத்தார். 1926இல் முதற் கவிதைநூல் வெளிவந்தது. புகழ் வந்த பின்னரும் படிப்பை அவர் கைவிடவில்லை. லிங்கன் பல்கலைக்கழகத்தில் 1929இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 28. படிப்பை இடையில் விட்ட நம் இளைஞர் இவ்வயதைக் குறித்துக்கொள்வாராக.

உலக எழுத்தாளரை ஒன்றுசேர்க்க மாநாடுகள் பல கூடின. ஹியூஸும் சிலவற்றில் பேசினார். ஆயினும் மேடைப்பேச்சினும் அவருடைய மொழிபெயர்ப்புப் பணியே பெரிதென நாம் கருதுகிறோம். 1930இல் ஹவானாவில் இளங்கவிஞர் நிக்கொலாஸ் கியேனைச் சந்தித்தார். சில வாரங்களில், கியூபக் கறுப்பின மக்களின் 'சோன்' இசையில் அமைந்த கவிதைகளைக் கியேன் வெளியிட்டார். அவருடைய பாடல்களை ஹியூஸ் நண்பரொருவருடன் சேர்ந்து ஆங்கிலமாக்கி 1948இல் நூலாக்கினார். ஹெய்ட்டியின் பொதுவுடைமை எழுத்தாளர் ழாக் ரூமேன் சிறைப்பட்டபோது அவர் விடுதலைக்காகக் குரல் எழுப்பினார். ரூமேன் மறைந்த பின் அவருடைய உழவர் நாவலையும் இருவராக மொழிபெயர்த்து 1947இல் வெளியிட்டனர்.

1932இல் கறுப்பின வாழ்வைப் படமெடுப்பதற்காக 22 பேர் மாஸ்கோ சென்றனர். ஹியூஸ் அவருள் ஒருவர். படம் கைவிடப்பட்டது. அவரோ நடு ஆசியாவின் பருத்தி வயல்களைக் காணப் புறப்பட்டார். பருத்தி என்றால் தம் இனத்தாரின் முதுகொடிந்த வரலாறல்லவா! தாஷ்கண்டு நகர டிராம் வண்டிகளில், ஜார் காலத்தில் ஆசிய மக்களைப் பிரித்து அமரவைத்த பழைய தடுப்புகள் எஞ்சியிருந்தன. அவற்றைக் கண்டபோதெல்லாம் அட்லாண்டாவும் பர்மிங்காமும் அவர் நினைவிற்கு வந்தன. தனிக்குவளையின் கதை அறிந்த நமக்கு அந்த நினைவை விளக்க வேண்டுவதில்லை.

1937இல் ஸ்பானிய உள்நாட்டுப் போரைக் கறுப்பின இதழொன்றிற்காக எழுதச் சென்றார். குண்டு விழும் மாட்ரிடில் தங்கி, பாசிஸ்டுகள் 1936இல் கொன்ற லோர்காவின் பாடல்களை மொழிபெயர்த்தார்.

அவர் குறையையும் நாம் மறைக்கலாகாது. 1938இல், ஸ்டாலின் நடத்திய மாஸ்கோ வழக்குகளை ஆதரித்த அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார். அவ்வாண்டிலேயே தாஷ்கண்டில் காதிரி, சொல்பான் முதலிய உஸ்பெக் எழுத்தாளர்கள் கொல்லப்பட்டனர். தடுப்பு வைத்த டிராமைக் கண்ட கண்கள் இதைக் காணவில்லை.

1953இல் செனட்டர் மெக்கார்த்தியின் குழு அவரை விசாரித்தது. நண்பர் எவர் பெயரையும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் தம் புரட்சிக் கவிதைகளிலிருந்து விலகி நின்றார். 1959இன் தேர்ந்தெடுத்த தொகுப்பிலும் அவற்றைச் சேர்க்கவில்லை. கோழைத்தனம் என்றனர் சிலர். எழுத்தையன்றி வேறு வருவாயில்லாத கறுப்பினக் கவிஞரொருவர், மேடையும் பதிப்பகமும் மூடப்படும் அச்சத்தில் வாழ்ந்ததை எண்ணாமல் அச்சொல்லைச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

பாலம் கட்டும் பணி மட்டும் நிற்கவில்லை. ஜோகன்னஸ்பர்க் 'டிரம்' இதழ் சிறுகதைப் போட்டிக்கு நடுவராக அழைத்தது. அதிலிருந்து ஆப்பிரிக்க இளம் எழுத்தாளரின் படைப்புகளைத் திரட்டத் தொடங்கி, 1960இல் தொகுதியாக வெளியிட்டார். 1962இல் உகாண்டாவின் மக்கெரெரே மாநாட்டில் அவ்விளைஞரோடு அமர்ந்தார். 1967 மே 22இல் நியூயார்க்கில் மறைந்தார். அவரது சாம்பல் 1991இல் ஹார்லெம் நகர்ப்பகுதியின் ஷோம்பர்க் நூலகத்தில், கூடத்துத் தரையின் கீழ் வைக்கப்பட்டது.