கிரீஷ் கண்ட சத்சங்கம்

வங்க நாடக உலகின் தந்தை என்று போற்றப்படும் கிரீஷ் சந்திர கோஷ் 1844-ஆம் ஆண்டு கல்கத்தாவின் பாக்பஜார் பகுதியில் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். பகலில் வணிக நிறுவனங்களில் கணக்கர், இரவில் நாடக மேடை என அவரது வாழ்க்கை சென்றது. நடிகர், ஆசிரியர், இயக்குநர் என மூன்று நிலைகளிலும் அவருக்கு நிகர் அன்று எவருமில்லை. புகழோடு மதுப்பழக்கமும் வளர்ந்தது. மேடையில் தேவர்களைப் பேச வைத்தவர், வீடு திரும்பும்போது நிலைதடுமாறினார்.

ஸ்ரீராமகிருஷ்ணரை அவர் முதன்முதலில் கண்டது அண்டை வீட்டுக்காரரான தீனநாத் பாசுவின் இல்லத்தில். அந்தி நேரம், விளக்கு ஏற்றப்பட்டிருந்தது. பரவச நிலையில் இருந்த குருதேவர், மாலையாகி விட்டதா என்று வினவினார். எதிரே எரியும் விளக்குகூடத் தெரியவில்லையா, இது வெறும் பாசாங்கு என்று முடிவு செய்த கிரீஷ் எழுந்து சென்று விட்டார்.

அடுத்த சந்திப்பு ராம்காந்த போஸ் தெருவிலுள்ள பலராம் போஸின் இல்லத்தில். வருவோர் அனைவரையும் குருதேவர் தலை தாழ்த்தி வணங்கியது கிரீஷுக்கு வியப்பளித்தது. இன்னும் சற்று நேரம் இருக்க மனம் விழைந்தது. ஆனால் உடன் இருந்த பத்திரிகையாளர் சிசிர் குமார் கோஷ் பார்த்தது போதும் என்று அழைக்கவே, பாதியில் வெளியேறினார்.

இரு முறை வந்தும் தங்காதவரைத் தேடி, மூன்றாம் முறை அந்தச் சங்கமே வந்தது. 1884, செப்டம்பர் 21 அன்று ஸ்டார் நாடக அரங்கில் சைதன்ய லீலையைக் காண குருதேவர் வந்தார். அவரிடம் கட்டணம் பெற வேண்டாம், உடன் வருவோர் மட்டும் சீட்டு வாங்கட்டும் என்றார் கிரீஷ்! கணக்கராக இருந்தவர் அல்லவா? அவர் வணங்குமுன் குருதேவர் வணங்கினார். இவர் பதிலுக்கு வணங்க, அவர் மீண்டும் வணங்கினார். இதற்கு முடிவே இராது என்று கண்ட கிரீஷ், மனத்துக்குள் வணங்கி நிறுத்திக் கொண்டார். சில நாட்களில் பலராம் இல்லத்திற்கு மறுபடியும் சென்றார். இம்முறை பாதியில் எழவில்லை.

அங்கே அவர் தனியாக இல்லை. அன்பர்களுள் ஒருவரான சுரேந்திரநாத் மித்திரரும் குடிப்பழக்கம் உள்ளவர். குடிக்குமுன் அதைக் காளிக்குச் சமர்ப்பிக்குமாறும், கால் தடுமாறும் அளவுக்குச் செல்ல வேண்டாம் என்றும் மட்டுமே குருதேவர் அவரிடம் கூறியிருந்தார். கிரீஷின் நண்பர் காளிபத கோஷும் அவ்வழியினரே. இவ்விருவரையும், சைதன்யரால் திருந்திய ஜகாய், மதாய் என்ற குடிகார சகோதரர்களோடு ஒப்பிடுவது வழக்கமாயிற்று.

மதுவை விட்டுவிட்டு வா என்று கிரீஷிடம் யாரும் நிபந்தனை விதிக்கவில்லை. ஓர் இரவு போதையில் தட்சிணேசுவரம் சென்றவரின் கைகளைப் பற்றிக்கொண்டு குருதேவர் ஆடிப் பாடினார். வேறொரு சமயம் அவர் வண்டியில் விட்டு வந்த மதுப்புட்டியை, லாட்டுவை அனுப்பி எடுத்து வரச் செய்தார். கூடியிருந்தோர் நகைத்தனர், கிரீஷுக்கோ நாணம் பிடுங்கித் தின்றது. பின்னொரு நாள் போதையில் அவர் குருதேவரையே வசைமாரி பொழிந்தார். இனி அவரிடம் செல்ல வேண்டாம் என்று சிலர் தடுத்தனர். ராமச்சந்திர தத்தரோ, நஞ்சைத் தவிர வேறொன்றும் தரப்படாத காளிய நாகம் எதைக் காணிக்கையாக்கும் என்று வாதாடினார். குருதேவர் அப்போதே வண்டியேறி, உணவின்றி அழுது கொண்டிருந்த கிரீஷின் வீட்டு வாசலில் சென்று இறங்கினார்.

இன்று மதுவிலிருந்து மீள விழைவோர் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு, 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளிகள் இருவர் சந்தித்துப் பேசியதில் தோன்றியது. கொல்கத்தாவிலும் தமிழக நகரங்களிலும் அதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன. கட்டணம் இல்லை, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. முதற்கூட்டம் மனத்திற்கு ஒவ்வாது போகலாம். கிரீஷுக்கும் முதல் சந்திப்பு ஒவ்வவில்லை. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது உடலுக்கு ஆபத்தாகலாம் என்பதால், முதலில் மருத்துவரையும் நாட வேண்டும்.

காலையும் மாலையும் இறைவனை நினைக்குமாறு குருதேவர் கூறியபோது, கிரீஷ் வாக்களிக்கத் தயங்கினார். காக்க முடியாத வாக்கைத் தர அவர் விரும்பவில்லை. முடிவில் தம் பொறுப்பு முழுவதையும் குருதேவரிடமே ஒப்படைத்தார். எளிய வழி என்று எண்ணிய அந்த அதிகாரப் பத்திரம், தன் விருப்பம் என்று ஒன்றை எண்ணவும் உரிமையில்லாமல் செய்து விட்டதைப் பிற்காலத்தில் உணர்ந்தார். மது ஒரே நாளில் போகவில்லை. சிறிது சிறிதாக அவரை விட்டு நீங்கியது. 1886-இல் குருதேவர் மறைந்த பிறகும் அன்பர்களின் தொடர்பை அவர் விடவில்லை. 1889-இல் மேடையேறிய அவரது பிரபுல்ல நாடகத்தில், வங்கி நொடித்துப் போனதால் குடியில் விழுந்த ஒருவனின் குடும்பம் சிதைகிறது. அதை எழுதியவருக்கு அந்த வழி தெரிந்த வழி.

1897, மே 1 அன்று சுவாமி விவேகானந்தர் ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்க அன்பர்களைக் கூட்டியது அதே பலராம் இல்லத்தில்தான். கிரீஷ் அக்கூட்டத்தில் அமர்ந்திருந்தார். 1912-இல் மறையும் வரை, தம் பழைய வாழ்வை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. பாக்பஜாரில் அவர் வாழ்ந்த வீட்டை இடிக்காமல், சாலையை இருபுறமும் பிரித்து அமைத்திருக்கிறார்கள். அங்கிருந்து பலராம் இல்லம் நடக்கும் தூரம்தான்.