இரண்டு பதவி வகித்த ஐசனோவர்

அமெரிக்க ஜனாதிபதியாக 1953 முதல் 1961 வரை இருந்தவர் ஐசனோவர். அதற்கு முன் அவர் பட்டாளத்துக்காரர். 1890-ல் பிறந்தவர். 1915-ல் ராணுவப் பள்ளியில் தேறினார்.

பட்டாளத்தில் காப்டனுக்கு மேல் மேஜர். அதற்கு மேல் லெப்டினன்ட் கர்னல். முதல் உலக யுத்தத்தின்போது, 1918-ல், 28 வயதிலேயே லெப்டினன்ட் கர்னல் ஆனார். ஆனால் அது தற்காலிகப் பதவி! அது உள்ளவரைதான் அதற்குரிய சம்பளம். சீனியாரிட்டியோ நிரந்தரப் பதவிப்படிதான்.

யுத்தம் முடிந்தது. படையைக் குறைத்தார்கள். 1920-ல் ஐசனோவர் மறுபடி காப்டன்! சில நாளில் மேஜர் ஆனார். பிறகு 16 வருஷம் அதற்கு மேல் உயரவில்லை. வரிசையில் மூத்தவர்கள் விலகினால்தானே அடுத்தவருக்கு இடம்? பொறுமையாக உழைத்தார். 1936-ல் நிரந்தர லெப்டினன்ட் கர்னல் ஆனார்.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. 1941 மார்ச்சில் கர்னல். 1943 பிப்ரவரியில் முழு ஜெனரல்! வட ஆப்பிரிக்காவில் பெரும் படைக்குத் தலைவர். இருந்தும், நிரந்தரப் பதிவேட்டில் 1943 ஆகஸ்டு வரை வெறும் லெப்டினன்ட் கர்னல்தான். தோற்றிருந்தால் அந்த இடத்துக்கே திரும்ப நேர்ந்திருக்கலாம்.

அவர் தோற்கவில்லை. 1944-ல் ஐந்து நட்சத்திரப் பதவி கிடைத்தது. அதுவும் முதலில் தற்காலிகம்தான்! 1946-ல்தான் நிரந்தரமாயிற்று.

ஐசனோவர் 1969-ல் காலமானார்.