25 கிலோ தபாலும் ஒரு மாட்டுவண்டியும்



ஜே.ஆர்.டி. டாட்டா என்றதும் நமக்கு ஒரு பெரிய கோடீஸ்வரர்தான் ஞாபகம் வருவார். எனக்குப் பிடித்தது விமானம் ஓட்டிய டாட்டா.

1904 ஜூலை 29-ல் பாரிஸில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்பட்டார். அப்பா கூப்பிட்டுவிட்டதால், 1925-ல் பம்பாயில் சொந்தக் கம்பெனியிலேயே சம்பளமில்லாத அப்ரெண்டிஸாகச் சேர்ந்தார். கடைசிவரை காலேஜ் பட்டம் வாங்கவில்லை. ஆனால் வானில் பட்டமாய்ப் பறந்தார்! 1929 பிப்ரவரி 10-ல் அவர் பெற்ற பைலட் லைசென்ஸின் நம்பர் 1.

1930-ல் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் ஆகாகான் போட்டி. எதிர்த்திசையில் வந்த 17 வயது அஸ்பி இன்ஜினியர், எகிப்தில் ஸ்பார்க் பிளக் இல்லாமல் நின்றுவிட்டார். டாட்டா தன்னிடமிருந்த உபரி பிளக்கைக் கொடுத்தார். பரிசு அஸ்பிக்கே போனது! அந்தப் பையன்தான் 1960-ல் நம் விமானப்படைத் தளபதி ஆனார்.

1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து பஸ் மாத் என்ற குட்டி விமானத்தில் சுமார் 25 கிலோ தபாலோடு டாட்டா கிளம்பினார். வழியில் அகமதாபாத்தில் இறங்கினார். அங்கே பெட்ரோல் டின்கள் வந்தது எதில் தெரியுமா? மாட்டுவண்டியில்! பிறகு பம்பாய். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராசுக்குத் தபாலைக் கொண்டுவந்தார்.

வெறும் 25 கிலோதானா என்று நானும் முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டால்தான் விஷயம் புரியுது. பஸ் மாத்தின் வெறும் எடை சுமார் 575 கிலோ. பறக்க அனுமதித்த மொத்த எடை சுமார் 930 கிலோ. மீதி 355 கிலோவுக்குள் ஓட்டுபவர், பெட்ரோல், ஆயில், தபால் எல்லாம் அடங்கணும்.

எடை மட்டும் போதாது, இடமும் முக்கியம். எங்க வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். திருப்புத்திறன் என்று புத்தகத்தில் படித்தபோது புரியாதது, வண்டியை நினைத்ததும் புரிந்தது. நம்ம இரும்பைப் பக்கம் மல்லாட்டை மூட்டை ஏற்றிய பெரியவர்களைக் கேளுங்கள். முன்பாரமானால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரமானால் நுகத்தடி தூக்கிக்கொள்ளும். விமானமும் அப்படித்தான். ஒவ்வொரு எடையையும் அதன் தூரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் கிடைக்கும். அது இரண்டு எல்லைகளுக்குள் நிற்கணும். முன்னால் போனால் மூக்கைத் தூக்குவது கஷ்டம். பின்னால் போனால் மூக்கு தானாகத் தூக்கும், இறக்கை தூக்குவிசையை இழக்கும், மீட்பது கடினம். பறக்கப் பறக்க பெட்ரோல் தீர்வதால் மையமும் நகரும். வண்டி சாய்ந்தால் இறங்கி மூட்டையை மாற்றலாம். வானத்தில் இறங்க முடியுமா?

முதல் வருஷத்திலேயே அந்தத் தபால் கம்பெனி 1,60,000 மைல் பறந்து, 60,000 ரூபாய் லாபம் பார்த்தது. அதுவே பின்னாளில் ஏர் இந்தியா ஆனது. 1953-ல் அரசுடைமையாகி, 2022-ல் மீண்டும் டாட்டா குழுமத்திடம் வந்தது. 1982-ல், 78 வயதில், அவர் அதே கராச்சி–பம்பாய் பாதையில் மறுபடி ஓட்டிக் காட்டினார். 1992-ல் பாரத ரத்னா. 1993 நவம்பர் 29-ல் ஜெனிவாவில் மறைந்தார்.

நண்பர்களே, எடையைக் குறைத்து எழுதி மனிதரை ஏமாற்றலாம். விமானத்தை ஏமாற்ற முடியாது. நாளை நம்மில் ஒருவர் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் தாளில் கையெழுத்துப் போடலாம். அன்று அந்தக் கணக்கை நம்பி பல உயிர்கள் உட்கார்ந்திருக்கும். இன்று லேபில் எடுக்கும் ஒவ்வொரு ரீடிங்கையும் உண்மையாக எழுதிப் பழகுவோம்!