பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ந்த தோட்டம்: துன் சம்பந்தனின் கூட்டல் கணக்கு

பிரிக்பீல்ட்ஸில் மோனோரெயில் நிலையத்துக்கும் பக்கத்திலுள்ள பெரிய சாலைக்கும் ஒரே பெயர்தான்: துன் சம்பந்தன். சுதந்திர மலாயாவின் முதல் அமைச்சரவையில் இருந்தவர், ம.இ.கா. தலைவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆனா அவர் செய்ததிலேயே கடினமான வேலை, ஒரு கூட்டல் கணக்கு.

வீ. தி. சம்பந்தன் 1919 ஜூன் 16 அன்று பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தார். அப்பா ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர். மகன் தமிழ்நாட்டுக்குப் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1955-இல் ம.இ.கா. தலைவரானார், பிறகு அமைச்சர். பதவிகளின் பட்டியல் நீளம், அதை விட்டுவிடலாம்.

அந்த நேரத்தில்தான் தோட்டத் துண்டாடல் வேகமெடுத்தது. வெள்ளைக்கார கம்பெனிகள் பெரிய தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். பால்மரம் வெட்டியவருக்கு வேலை மட்டுமா போச்சு? லயன் வீடும் தோட்டத்தோடு சேர்ந்ததுதானே, அதுவும் போச்சு.

தொழிலாளர்களே தோட்டத்தை வாங்கினால் என்ன என்று கேட்டார் சம்பந்தன். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அவர் தோட்டம் தோட்டமாகப் போய், தலைக்குப் பத்து வெள்ளி என்று கேட்டுச் சேர்த்தார். அன்றைய கூலியில் பத்து வெள்ளி சின்னக் காசு இல்லை. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது.

இதுல கணக்கு எங்கே வருதுன்னு கேட்கிறீங்களா? எந்தக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் குறைந்தது இரண்டு பேரேடுகள் வேண்டும். ஒன்றில் உறுப்பினர்: எண், பெயர், தோட்டம், பங்கு. மற்றொன்றில் தவணை: யார், எப்போது, எவ்வளவு கட்டினார். இரண்டையும் இணைப்பது உறுப்பினர் எண். பெயரை வைத்து இணைத்தால் வம்புதான். ஒரே தோட்டத்தில் எத்தனை முனியாண்டி, எத்தனை லெட்சுமி!

இதையே எக்ஸலிலோ டேட்டாபேஸிலோ செய்து பாருங்கள். உதாரணத்துக்கு, 7-ஆம் எண் உறுப்பினரின் பங்கு 100 வெள்ளி, பத்துத் தவணையாகக் கட்டியிருக்கிறார். இரண்டு அட்டவணைகளையும் இணைத்தால் அவருக்குப் பத்து வரிகள் வரும், ஒவ்வொரு வரியிலும் பங்கு 100 என்று இருக்கும். அந்தப் பத்தியைக் கூட்டினால் 1,000. இல்லாத 900 வெள்ளி முளைத்துவிட்டது! கம்ப்யூட்டர் இதைத் தப்பு என்று சொல்லாது. அதனால் முதலில் தவணைகளை உறுப்பினர் வாரியாகக் கூட்டி, ஆளுக்கு ஒரு வரியாக்கிவிட்டு அப்புறம்தான் இணைக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து நேர் எதிரானது. சேர்ந்துவிட்டு இன்னும் ஒரு தவணையும் கட்டாதவர், இரண்டு பக்கமும் பொருந்தும் வரிகளை மட்டும் எடுத்தால் பட்டியலிலிருந்தே காணாமல் போவார். உறுப்பினர் பேரேட்டை அடிப்படையாக வைத்து, கட்டாதவருக்குப் பூஜ்யம் என்று போட்டால்தான் அவர் இருப்பார். எக்ஸாமில் இது அரை மார்க். சங்கத்தில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சம்பந்தனை நம்பித்தான் பணம் கொடுத்தார்கள். லாப ஈவு பிரிக்கும்போது மொத்தம் பிசகினால், அந்த நம்பிக்கைதான் முதலில் உடையும்.

1973-இல் கட்சித் தலைமையிலிருந்து விலகினார் சம்பந்தன். 1979 மே 18 அன்று காலமானபோது அறுபது வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லை. தோட்டக்காரரின் மகனாகப் பிறந்தவரிடம் கடைசியில் குடும்ப நிலத்தில் மிஞ்சியது கொஞ்சம்தான்.

சங்கம் இன்றும் இருக்கிறது. கிள்ளானிலோ காப்பாரிலோ உங்கள் பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய பங்குச் சான்றிதழ் கிடைத்தால், பெயருக்கு முன்னால் உறுப்பினர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.