எகிப்தில் ஒரு தாய்
லில்லியன் டிராஷர் அம்மையாரின் ஊழிய வாழ்க்கை



எழுப்புதல் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? பெரிய பந்தல், ஒலிபெருக்கி, முழு இரவு ஜெபம், திரளாய்க் கூடுகிற ஜனம். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் பால் புட்டியிலும், துவைக்கிற துணியிலும், தூக்கமில்லாத ராத்திரிகளிலும் ஆரம்பித்த ஒரு எழுப்புதலைப் பற்றி இந்த மாதம் சொல்ல ஆசைப்படுகிறேன். முக்கியமாக நம்ம சபை வாலிபப் பிள்ளைகள் இதை வாசிக்க வேண்டும்.

லில்லியன் டிராஷர் 1887-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில் ஜாக்சன்வில் பட்டணத்தில் பிறந்தார். சிறு பெண்ணாயிருக்கும்போதே ஒரு நாள் காட்டில் விழுந்து கிடந்த மரத்தின் பக்கத்தில் முழங்காற்படியிட்டு, தன்னால் ஆகிற வேலை எதாவது இருந்தால் சொல்லும்படி ஆண்டவரிடம் கேட்டாராம். வேதாகமப் பள்ளியில் கொஞ்ச காலம் படித்தார். பிறகு வட கரோலினாவில் மேட்டி பெரி என்ற அம்மையார் விசுவாசத்தினாலே நடத்தி வந்த அநாதை இல்லத்தில் உதவிக்குப் போனார். கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டுவது, பழைய துணியை வெட்டிச் சட்டை தைப்பது, கொஞ்ச மாவில் நிறையப் பேருக்குச் சமைப்பது, மறுநாள் சாப்பாட்டுக்கு முந்தின ராத்திரி ஜெபிப்பது, இதெல்லாம் அங்கேதான் கற்றுக்கொண்டார். இது எதற்கு என்று அப்போது அவருக்குத் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும்!

1910-ம் ஆண்டு. அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. மாப்பிள்ளையும் ஒரு ஊழியர்தான். கல்யாணத்துக்கு இன்னும் பத்தே நாள். அந்தச் சமயத்தில் இந்தியாவில் ஊழியம் செய்துவிட்டு வந்த ஒரு மிஷனெரியின் சாட்சியைக் கேட்கப் போனார். அன்றைக்கே ஆண்டவர் தன்னை ஆப்பிரிக்காவுக்கு அழைக்கிறார் என்று அவர் உள்ளத்தில் உறுதிப்பட்டது. மாப்பிள்ளைக்கு அந்த அழைப்பு இல்லை. அழுதுகொண்டேதான் அந்தக் கல்யாணத்தை நிறுத்தினார். பிறகு அவர் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை.

கையில் பணமும் இல்லை, பின்னால் எந்த மிஷன் சங்கமும் இல்லை. வேதத்தைத் திறந்தபோது அப்போஸ்தலர் 7-ம் அதிகாரம் 34-ம் வசனம் கண்ணில் பட்டது. எகிப்திலே உபத்திரவப்படுகிற ஜனத்தைக் கர்த்தர் கண்டு, மோசேயை அங்கே அனுப்புகிற வசனம் அது. அதே வருஷம் அக்டோபரில் தன் அக்கா ஜென்னியோடு கப்பல் ஏறினார். வயது 23. நைல் நதிக்கரையில், கெய்ரோவுக்குத் தெற்கே 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிற அசியூத் பட்டணத்தில் ஒரு மிஷன் வீட்டில் தங்கி அரபி மொழி படிக்க ஆரம்பித்தார்.

சில மாதங்களுக்குள் ஒரு நாள், சாகக் கிடக்கிற ஒரு தாயைப் பார்க்க வரும்படி ஆள் வந்தது. போனால் அழுக்கடைந்த ஒரு சின்ன வீடு. தாயின் பக்கத்தில் மெலிந்துபோன ஒரு பெண் குழந்தை, தகர டப்பாவில் இருந்த கெட்டுப்போன பாலைக் குடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. தாய் இறந்துபோனாள். குழந்தை லில்லியன் கைக்கு வந்தது.

குழந்தையை மிஷன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது ராத்திரி முழுக்க அழுதது. மறுநாளும் அழுதது. அதற்கு அடுத்த ராத்திரியும் அழுதது. வீட்டில் ஒருவருக்கும் தூக்கமில்லை. திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பகலெல்லாம் உழைத்தவர்கள். ஆனால் எங்கே திருப்பிக் கொடுப்பது? கையிலிருந்த கொஞ்சப் பணத்தில் மாதம் பன்னிரண்டரை டாலர் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, குழந்தையோடு வெளியே போய்விட்டார். அது 1911-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி. அசியூத் அநாதை இல்லம் பிறந்த நாள் அதுதான். திறப்பு விழா கிடையாது, ரிப்பன் கிடையாது. அழுகிற ஒரு பிள்ளையும், அதைத் தூக்கிக்கொண்டு நடந்த ஒரு வாலிபப் பெண்ணும்தான்!

பிள்ளைகள் ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தார்கள். பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லர் ஐயா மனுஷரிடம் கேளாமல் ஜெபத்தினால் மாத்திரம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் போஷித்தது நமக்குத் தெரியும். லில்லியனும் முழங்காலில் நின்று ஜெபித்தார். ஜெபித்துவிட்டு எழுந்து, கழுதை மேல் ஏறி, வெயிலில் கிராமம் கிராமமாய்ப் போய்க் கேட்டார். தந்தி கொண்டுவருகிற பையன்கூட ஒரு தடவை தன் சில்லறைக் காசைக் கொடுத்தான். ஏழை விவசாயிகள் கோதுமை கொடுத்தார்கள். கிறிஸ்தவர்களும் கொடுத்தார்கள், முஸ்லிம்களும் கொடுத்தார்கள். முல்லர் வழி விசுவாசமா, கழுதை வழி விசுவாசமா என்று சிலர் தர்க்கம் பண்ணுவார்கள். இரண்டு இல்லத்திலும் பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்பதே என் பதில்.

1916-ல் பிள்ளைகள் சுமார் 50 பேர். நைல் நதியின் கிழக்குக் கரையில் நிலம் வாங்கினார். அவரும் பெரிய பையன்களும் சேர்ந்து செங்கல் அறுத்துச் சுவர் எழுப்பினார்கள். 1919-ல் எகிப்தில் பெரிய கலகம் எழும்பியது. துப்பாக்கிச் சத்தத்தின் நடுவே பிள்ளைகளை அந்தச் செங்கல் சூளைக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். அப்போது வெளிநாட்டவர் வெளியேற வேண்டியதாயிற்று. அமெரிக்கா போய், அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையோடு இணைந்து, 1920-ல் மறுபடியும் தன் பிள்ளைகளிடமே திரும்பி வந்தார்.

அவருடைய ஒரு நாள் எப்படிப் போகும்? விடிவதற்கு முன்னே ரொட்டி அடுப்பு எரிய வேண்டும். பிறகு தலை வாரி, முகம் கழுவி, ஜெபம், பள்ளிக்கூடம். கண் நோய்க்கு மருந்து போட வேண்டும். பையன்கள் கைத்தொழில் கற்றார்கள், பெண் பிள்ளைகள் தையலும் வீட்டு வேலையும் கற்றார்கள். ஆதரவற்ற விதவைகளும் அங்கேயே தங்கி உதவினார்கள். இதில் விசேஷம் என்னவென்றால், பெரிய பிள்ளைகள் ஒவ்வொருவரும் சின்னப் பிள்ளைகளைக் கவனித்தார்கள். நேற்று தூக்கி வளர்க்கப்பட்ட பிள்ளை இன்று இன்னொரு பிள்ளையைத் தூக்கியது. அவர்களில் பலர் ஆசிரியர்களாகவும், போதகர்களாகவும் எழும்பினார்கள்.

1927-ம் ஆண்டு ஏப்ரலில் அந்த இல்லத்தில் பரிசுத்த ஆவியானவர் பலமாய் இறங்கினார். பிள்ளைகள் பாவத்தை அறிக்கையிட்டு அழுதார்கள், மணிக்கணக்காய் ஜெபித்தார்கள், அபிஷேகம் பெற்றார்கள். அல்லேலூயா! ஆனால் கணக்குப் பாருங்கள். அந்த மழைக்கு முன்னே பதினாறு வருஷம் துணி துவைத்திருக்கிறார்.

துக்கமும் வந்தது. 1933-ல் அரசாங்க உத்தரவின்படி, இல்லத்திலிருந்த முஸ்லிம் பிள்ளைகள் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. மிச்சமிருந்தவர்களுக்கு மறுநாளும் ரொட்டி சுட வேண்டும். சுட்டார். 1941-ல், இரண்டாம் உலக யுத்தத்தில், பிள்ளைகளுக்கு உடுத்தத் துணியில்லாமல் ஜெபித்தபோது, கிரேக்க தேசத்துக்குப் போக வேண்டிய நிவாரணக் கப்பல் அங்கே போக முடியாமல் அலெக்சாந்திரியாவுக்குத் திரும்பியது. அதிலிருந்த துணிமணிகளும் உணவுப் பொருட்களும் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன.

1961-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி, 74-ம் வயதில், அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அப்போது இல்லத்தில் 1,200-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். ஐம்பது வருஷத்தில் அவர் கையில் வளர்ந்தவர்கள் பல ஆயிரம் பேர். எல்லாருக்கும் அவர் மாமா, அதாவது அம்மா. அசியூத்திலேயே அடக்கம் பண்ணப்பட்டார். அந்த இல்லம் இன்றைக்கும் நடக்கிறது.

இதை எழுதும்போது என் இருதயம் குத்துகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸ் சமயத்தில், சபை வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குப் போனேன். கேக் வெட்டினோம், பாட்டுப் பாடினோம், போட்டோ எடுத்தோம். கிளம்பும்போது ஏழு வயசுப் பையன் ஒருவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறுபடி எப்போ வருவீங்க என்று கேட்டான். அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போகவில்லை. ஆராதனை, கூடுகை, உபவாச ஜெபம் என்று நாட்கள் ஓடிவிட்டன. அடுத்த கிறிஸ்துமஸுக்குப் போனேன். அந்தப் பையன் அங்கே இல்லை, வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவன் எத்தனை ஞாயிறு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியாது. அதைக் கர்த்தர் என்னிடம் கேட்பார்.

பிள்ளைகள் இல்லத்துக்குக் கேக் கொண்டுபோகிறவர்கள் நிறைய. சொன்ன நாளில் திரும்பி வருகிறவர்கள்தான் கொஞ்சம். இப்போது எங்கள் வாலிபர் மூன்று பேர் இல்லத்தாரின் அனுமதியோடு ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், நகம் வெட்டி விடுகிறார்கள். போட்டோ எடுப்பதில்லை. மழையானாலும் போகிறார்கள். நானும் போகிறேன்.

வாலிபத் தம்பி, தங்கச்சி, வெளிநாட்டு ஊழியத்துக்கு அழைப்பு வந்தால் கட்டாயம் போ. ஆனால் லில்லியன் எகிப்துக்குப் போவதற்கு முன்னே வட கரோலினாவில் பிள்ளைகளைக் குளிப்பாட்டினார் என்பதை மறந்துவிடாதே. இன்று நம் தேசத்தில் ஒரு குழந்தையை நாமே வீட்டுக்குத் தூக்கிவர முடியாது, சட்டம் உண்டு. கைவிடப்பட்ட பிள்ளையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குப் போன் பண்ணு. அதோடு நிறுத்திவிடாமல், பக்கத்திலிருக்கிற இல்லத்தில் உன் கை செய்யக்கூடிய வேலை என்ன என்று கேள். யாக்கோபு 1:27-ஐ இன்று ராத்திரி முழங்காலில் வாசித்துப் பார்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, நாங்கள் கொடுத்து மறந்துபோன வார்த்தைகளை மன்னியும். அழுகிற ஒரு பிள்ளையின் சத்தத்தைக் கேட்கும் காதையும், விடியும்வரை தூக்கி நடக்கும் பெலனையும் எங்கள் சபைக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே, ஆமென்.