உளுத்த பலா காத்த பத்மநாபதாசர்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்தால் தமிழக எல்லையான களியக்காவிளை வந்துவிடும். 1956-ஆம் ஆண்டு வரை இங்கே எல்லை ஏதும் இல்லை. இரு புறமும் திருவிதாங்கூரே. அந்த அரசைச் சிறு நாடாகப் பெற்றுப் பெருநாடாக விட்டுச் சென்ற அனிழம் திருநாள் மார்த்தாண்ட வர்மர், இளமையில் உயிரைக் காத்துக்கொள்ள மாறுவேடத்தில் அலைந்த ஊர்கள் இவை.

அவர் பிறந்தது 1706-இல். மருமக்கள்தாய முறைப்படி, மாமனாகிய ராமவர்ம மன்னருக்குப் பின் அரசுரிமை மருமகனுக்கே உரியது. மன்னரின் மைந்தர்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் இதற்கு இணங்கவில்லை. செல்வாக்கு மிகுந்த எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் அவர்கள் பக்கம் நின்றனர். இளவரசரை ஒழித்துவிட்டால் வழக்கே தீர்ந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம்.

ஒருநாள் பகைவர்கள் நெய்யாற்றின்கரை வரை துரத்தி வந்துவிட்டனர். ஓடி ஒளிய இடமின்றித் தவித்த இளவரசருக்கு, ஒரு சிறுவன் அங்கிருந்த பலா மரத்தின் பெரும்பொந்தைக் காட்டினான் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் உள்ளே ஒடுங்கிக்கொண்டார். தேடி வந்தவர்கள் மரத்தைக் கடந்து சென்றார்கள். வழிகாட்டிய சிறுவன் கண்ணனே என்பது பக்தர்களின் துணிபு.

அந்த மரத்தைத் தச்சர் எவரும் விரும்பியிருக்கமாட்டார். பலாவின் பெருமையே மஞ்சள் நிற வைரம். அதுதான் கரையானுக்கு எளிதில் இடங்கொடாது தூணாகவும் உத்தரமாகவும் நிற்கும். முதுமையில் காயத்தின் வழியே பூஞ்சணம் புகுந்து அந்த வைரத்தையே தின்றுவிட்டால் நடுமரம் வெறும் கூடாகிவிடும். ஆயினும் மரம் சாவதில்லை. நீரை மேலேற்றும் உயிர்ப்பகுதி பட்டையை அடுத்த வெளிவளையத்தில் அல்லவா இருக்கிறது! மிருதங்கத்துக்கும் செண்டைக்கும் பலாக்கட்டையைக் கைவினைஞர் உளிகொண்டு குடைகிறார்கள். இங்கே அந்த வேலையைக் காலமே செய்து வைத்திருந்தது. முழு வைரம் பாய்ந்த மரமாக இருந்திருந்தால் அன்று ஒரு விரலுக்கும் அதில் இடமிருந்திராது.

1729-இல் அவர் அரியணை ஏறினார். எதிர்த்த தம்பிமாரும் பிள்ளைமாரும் உயிரிழந்தனர். பிள்ளைமாரின் பெண்டிரும் பிள்ளைகளும் மீனவர்களிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்று வரலாறு கூறுகிறது. தாம் பெற்ற அடைக்கலத்தை அவர் பிறருக்கு அளித்தார் என்று சொல்வதற்கில்லை. 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை வென்றார். அங்கே சிறைப்பட்ட டிலனாய் என்ற அதிகாரியைத் தம் படைக்கே பயிற்சியாளராக்கிக்கொண்டார்.

1686-இல் தீக்கிரையான பத்மநாபசுவாமி ஆலயத்தைப் புதுப்பித்தவரும் அவரே. இலுப்பை மரத் திருமேனி இருந்த இடத்தில் 12,008 சாலக்கிராமங்களைக் கொண்ட கடுசர்க்கரைத் திருமேனி எழுந்தது. 1750 ஜனவரி 3 அன்று நாட்டையே இறைவனுக்கு ஒப்படைத்து, பத்மநாபதாசராக ஆளத் தொடங்கினார்.

அவர் புதுப்பித்த பத்மநாபபுரம் அரண்மனையில், தாய்க் கொட்டாரத்தில், நுண்ணிய வேலைப்பாடமைந்த பலாமரத் தூண் ஒன்று உண்டு. அது குற்றமற்ற மரம். உளிக்கு ஏற்ற வைரம். நெய்யாற்றின்கரைப் பலாவுக்கோ அந்தத் தகுதி இல்லை. எனினும் அதை வெட்டச் சொல்லவில்லை மன்னர். அதன் அருகிலேயே கிருஷ்ணசுவாமிக்குக் கோயில் எழுப்பினார். பொந்தோடு கூடிய அந்த மரம் கோயில் வளாகத்திலேயே நின்றது. மக்கள் அதை அம்மச்சிப் பிலாவு, அதாவது தாய்ப் பலா, என்று அழைத்தனர்.

1758-இல் மன்னர் மறைந்தார். மரமும் பின்னாளில் பட்டுப்போயிற்று. ஆயினும் அதன் அடிமரம் காக்கப்பட்டுக் கோயில் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. கண்ணனைத் தொழுது வெளிவரும் அன்பர்கள் அந்தப் பொந்தின் முன்னும் சற்று நின்று கைகூப்பிச் செல்கிறார்கள்.